கோயிலில் நடந்த கல்யாணம் செல்லாது என்று திருச்சபை எப்போது சொல்கிறது?

கத்தோலிக்கர்களுக்கு விவாகரத்து கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். அதே ஊரில், முதல் கல்யாணம் முறிந்துபோன ஒருவருக்கு, ஓலை வாசித்து (கல்யாண அறிவிப்பைக் கோயிலில் படித்து), பங்குத்தந்தை முன்னிலையில் முறைப்படி இன்னொரு கல்யாணம் நடப்பதையும் பார்த்திருப்போம். முதல் மனைவி உயிரோடுதான் இருப்பார். உடனே பேச்சு கிளம்பும். ரோமாபுரிக்குப் பணம் கட்டி அனுமதி வாங்கிவிட்டார்கள் என்பார் ஒருவர். காலத்துக்கு ஏற்றபடி சபையும் வளைந்துகொடுக்கிறது என்பார் இன்னொருவர். இரண்டும் சரியில்லை. அங்கே நடந்தது விவாகரத்தே இல்லை. அந்த முதல் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று திருச்சபை நீதிமன்றம் விசாரித்து அறிவித்திருக்கிறது.

பெயரை மாற்றிச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றலாம். நிலப் பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய நிலத்தை விற்றுவிட்டு வெளியேறுவது ஒன்று. விற்றவருக்கு அந்த நிலத்தில் உரிமையே இருக்கவில்லை, அதனால் பதிவான அன்றே அந்தப் பத்திரம் செல்லாது என்று நிரூபிப்பது இன்னொன்று. முதலாவதில் நேற்று வரை நிலம் உங்களுடையது. இரண்டாவதில், கையில் பத்திரம் இருந்தும், வேலி போட்டு வரி கட்டியிருந்தும், அது ஒருநாளும் உங்களுடையதாக இருந்ததில்லை. விவாகரத்து முதல் வகை. திருச்சபை அறிவிக்கும் செல்லாநிலை இரண்டாம் வகை.

அதனால்தான் இரண்டு நீதிமன்றங்களும் கேட்கும் கேள்வி வேறு வேறாக இருக்கிறது. குடும்ப நீதிமன்றம், கல்யாணத்துக்குப் பிறகு என்ன கெட்டுப்போனது என்று விசாரிக்கும். திருச்சபை நீதிமன்றம், கல்யாண நாளன்று உண்மையில் என்ன நடந்தது என்று விசாரிக்கும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி விளங்கிவிடும்.

சம்மதம்தான் கல்யாணம்

நம் கோயில்களில் தாலியை மந்திரித்து, மணமகன் கையில் கொடுத்து, அவர் அதைக் கட்டும்போதுதான் பின்வரிசையில் இருப்பவர்களும் எழுந்து எட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் திருச்சபைச் சட்டப்படி தாலி ஏறுவதற்கு முன்பே கல்யாணம் முடிந்துவிட்டது. வலது கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்பத்திலும் துன்பத்திலும் உடல் நலத்திலும் நோயிலும் பிரமாணிக்கமாயிருப்பேன் என்று இருவரும் சொல்கிறார்களே, அந்த வாக்குதான் திருமணம். அந்த அருட்சாதனத்தை (அருள் தரும் திருச்சடங்கை) ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்பவர்கள் மணமக்களே. குருவானவர் திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறார், அவ்வளவுதான். 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: திருமணத்தை உண்டாக்குவது சம்மதம், அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக வேறு எந்த மனித அதிகாரமும் நிற்க முடியாது. பெற்றோரின் சம்மதம் நிற்காது. ஆயரின் (பிஷப்பின்) ஆசியும் நிற்காது.

(இங்கே சொல்வதெல்லாம் இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்களுக்கு. குமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் மறைமாவட்டங்களைச் சேர்ந்த சீரோ மலபார், சீரோ மலங்கரா கத்தோலிக்கர்களுக்குத் தனிச் சட்டத் தொகுப்பு உண்டு. அவர்களுக்குக் குருவின் ஆசியும் திருமணத்துக்கு இன்றியமையாதது.)

வாக்குக் கொடுப்பதற்குச் சற்று முன் குருவானவர் மூன்று விஷயங்களைக் கேட்பார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முழு மனதோடு வந்திருக்கிறீர்களா? வாழ்நாள் முழுவதும் ஒருவரையொருவர் நேசித்து மதிக்கத் தயாரா? கடவுள் தரும் பிள்ளைகளை ஏற்று வளர்க்கத் தயாரா? வீடியோக்காரர் விளக்கைச் சரிசெய்துகொண்டிருக்கும் நேரத்தில் கேட்கப்படும் கேள்விகள் இவை. மணமக்களும் மனப்பாடமாக 'ஆம்' சொல்லிவிடுவார்கள். பல வருடங்கள் கழித்து திருச்சபை நீதிமன்றம் கிண்டிப் பார்ப்பது பெரும்பாலும் இந்த 'ஆம்'களைத்தான்.

சரி, சம்மதம் போதும் என்றால் கோயில் எதற்கு, சாட்சிகள் எதற்கு? ஒரு காலத்தில் இவை இல்லாமலும் திருமணம் செல்லும். இரண்டு பேர் தனியாக எங்கோ நின்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தாலும் அது கல்யாணம்தான். இதனால் ஐரோப்பாவில் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ரகசியமாக ஒருத்திக்கு வாக்குக் கொடுத்தவன் ஊரறிய இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வான். முதல் பெண்ணால் எதையும் நிரூபிக்க முடியாது. இதைத் தடுக்கத்தான் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563இல், பங்குத்தந்தையும் சாட்சிகளும் இல்லாமல் நடக்கும் திருமணம் செல்லாது என்று விதித்தது. கோயிலில் இன்றும் ஓலை வாசிக்கிறார்களே, அதுவும் இதே கவலையில் பிறந்த ஏற்பாடுதான்: யாருக்காவது ஏதாவது தடை தெரிந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி விவாகரத்துக் கேட்டார், போப் மறுத்தார், அதனால் சபை பிரிந்தது என்று பள்ளியில் படித்திருப்போம். அவர் கேட்டதும் உண்மையில் செல்லாநிலைதான். அண்ணன் ஆர்தரின் விதவையான கேத்தரினைத் தாம் மணந்தது செல்லாது என்பது அவருடைய வாதம். அந்தத் திருமணத்துக்கு முந்தைய போப் இரண்டாம் ஜூலியஸ் விதிவிலக்குக் கொடுத்திருந்தார். அந்த விதிவிலக்கே தவறு என்று ஏழாம் கிளமென்டைச் சொல்ல வைக்க ஹென்றியால் முடியவில்லை. பணமும் அதிகாரமும் இருந்தால் எதுவும் கிடைத்துவிடும் என்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அன்றைக்கு இருந்ததா, அப்புறம் வந்ததா

குடும்பம் உடைந்த கதைகளில் முதலில் காதில் விழும் காரணம் குடி. கணவர் குடிக்கிறார், அடிக்கிறார், சம்பளத்தைக் கொண்டுவருவதில்லை. இது செல்லாநிலைக்குக் காரணமாகுமா? கல்யாணமாகிப் பல வருடம் நன்றாக வாழ்ந்து, பிறகு வேலை போய், நண்பர்கள் சேர்ந்து, குடியில் விழுந்தவர் என்றால் ஆகாது. கல்யாண நாளில் அவர் கொடுத்த வாக்கு உண்மையானது. அதை அவர் பிற்பாடு மீறினார். மீறப்பட்ட வாக்கும் கொடுக்கப்பட்ட வாக்குதான்.

அதே ஆள் கல்யாணத்துக்கு முன்பே குடிக்கு முழுக்க அடிமையாகி, மறுவாழ்வு மையத்துக்குப் போய் வந்து, ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்று வீட்டார் அவசரமாகப் பெண் பார்த்திருந்தால் கதை வேறு. மணவாழ்க்கையின் அடிப்படைக் கடமைகளைச் சுமக்கும் திறன் அன்றைக்கு அவரிடம் இருந்ததா என்ற கேள்வி எழும். திறன் இல்லாதவர் கொடுத்த வாக்கு வெறும் ஒலி. சட்டத்தின் 1095ஆம் பிரிவு இதைப் பற்றியது. அதோடு, பெண் வீட்டாரிடம் இதை மறைத்திருந்தால் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்ளும். 'கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்' என்ற வசனத்தால் நம் ஊரில் எத்தனை பெண்களின் வாழ்க்கை போயிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை.

மற்ற பெண்களோடு தொடர்பு வைத்திருந்தவர் விஷயமும் இப்படித்தான். பின்னால் வந்த தொடர்பு பாவம், துரோகம், ஆனால் திருமணத்தைச் செல்லாததாக்காது. பீடத்தின் முன் நின்று பிரமாணிக்கம் என்று சொல்லும்போதே, பழைய உறவைத் தொடர்வதாக மனதுக்குள் முடிவு செய்திருந்தால், அவர் வாயால் சொன்னதை மனதால் மறுத்துவிட்டார். பிள்ளையே பெற்றுக்கொள்வதில்லை என்று உறுதியாகத் தீர்மானித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தாலும் அப்படியே. வெளிநாட்டு விசாவுக்காக மட்டும் ஒருவரைக் கோயிலில் மணப்பவர் திருமணத்தை மொத்தமாகவே நடித்துக் காட்டுகிறார். மனதுக்குள் இருந்ததை எப்படி நிரூபிப்பது? கடினம்தான். கல்யாணத்துக்கு முன் நண்பர்களிடம் பேசியது, அனுப்பிய செய்திகள், கல்யாணமான சில நாட்களிலேயே நடந்துகொண்ட விதம் ஆகியவற்றை வைத்துத்தான் நீதிபதிகள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

கட்டாயம் என்ற காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது நம் வீடுகளுக்கு மிக அருகில் இருப்பது. வீட்டில் பேசி முடித்த கல்யாணம் என்பதாலேயே அது கட்டாயக் கல்யாணம் ஆகிவிடாது. பெண் பார்த்து, பெரியவர்கள் கூடிப் பேசி, பெண்ணும் சரி என்றால் அது சம்மதம்தான். அரை மனதாகச் சொன்ன சரியும் சரிதான். ஆனால் வேறு சாதிப் பையனை விரும்பினாள் என்று தெரிந்ததும் செல்போனைப் பிடுங்கி, வீட்டில் அடைத்து, நீ மறுத்தால் நான் மருந்தைக் குடித்துவிடுவேன் என்று அப்பா மிரட்டி, சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்து அவசரமாகக் கட்டிவைத்தால்? அதிலிருந்து தப்பிக்கக் கழுத்தை நீட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அந்தப் பெண் நின்றிருந்தால், 1103ஆம் பிரிவின்படி அந்தத் திருமணம் செல்லாது. அடி உதைதான் கட்டாயம் என்பதில்லை. பெற்றோர் மேலுள்ள மரியாதை கலந்த பயம்கூட, அது கடுமையானதாக இருந்தால், கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இது நடக்கிறது என்பதைப் பேசாமல் மூடிவைப்பதில் யாருக்கும் பயனில்லை.

ஏமாற்றுவது பற்றிய பிரிவு 1983 சட்டத் தொகுப்பில்தான் முதன்முதலாக வந்தது. சம்மதம் பெறுவதற்காகவே திட்டமிட்டு ஒன்றை மறைத்திருக்க வேண்டும். அந்த ஒன்று, இணைந்து வாழும் வாழ்க்கையையே ஆட்டிவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கடுமையான தொற்றுநோய், முந்தைய உறவில் பிறந்த குழந்தை, தமக்குக் குழந்தை பிறக்காது என்று முன்பே தெரிந்திருந்தது, சிறையில் இருந்தது போன்றவை. மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னது, பெண்ணின் வயதில் ஒன்றிரண்டைக் குறைத்தது ஆகியவற்றைக் கொண்டுபோனால் நீதிமன்றம் அசையாது.

இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: குழந்தை இல்லை என்பது காரணமே ஆகாது. 1084ஆம் பிரிவு, மலட்டுத்தன்மை திருமணத்தைத் தடுக்கவும் செய்யாது, செல்லாததாக்கவும் செய்யாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மறைத்து ஏமாற்றியிருந்தால் மட்டுமே விஷயம் வேறு. குழந்தை இல்லை என்று மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குருவானவரிடம் கேட்டு வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைக்கும் குடும்பங்களுக்குத் திருச்சபையில் கதவு இல்லை.

மனநலக் காரணங்களில் அதிகக் குழப்பம் உண்டு. நோய் இருந்தது என்பதே போதாது. அந்த நோய் அன்றைக்கு முடிவெடுக்கும் ஆற்றலை, அல்லது கடமைகளைச் சுமக்கும் ஆற்றலை, கடுமையாகப் பாதித்திருந்ததா என்று பார்ப்பார்கள். மனநல வல்லுநரின் கருத்தையும் கேட்பார்கள். 'எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை' என்பது இதில் சேராது. இரண்டாம் ஜான் பால் 1987இல் ரோமின் உயர் திருச்சபை நீதிமன்றமான ரோட்டாவின் நீதிபதிகளிடம் பேசும்போது, திருமணத்தைச் செல்லாததாக்குவது இயலாமைதான், கஷ்டம் அல்ல என்று எச்சரித்தார். சில நாடுகளில் இந்தப் பிரிவைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை.

தடைகளும் முறைமையும்

சம்மதத்தில் குறையே இல்லாமலும் திருமணம் செல்லாமல் போகலாம். ஏற்கெனவே செல்லத்தக்க திருமணப் பிணைப்பில் இருப்பவர், குருப்பட்டம் பெற்றவர், நெருங்கிய இரத்த உறவு என்று சில தடைகள் உண்டு. தமிழர்களுக்கு இதில் கடைசியானதுதான் முக்கியம். அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் எல்லாம் நமக்கு உரிமையுள்ள முறை. திருச்சபைச் சட்டத்துக்கோ அவை தடை. 1091ஆம் பிரிவு அந்த அளவு உறவு வரை தடுக்கிறது. ஆனாலும் நம் கோயில்களில் இந்தக் கல்யாணங்கள் நடக்கின்றனவே என்றால், ஆயரிடம் விதிவிலக்கு வாங்கித்தான் நடக்கின்றன. விண்ணப்பத்தில் உறவுமுறையைச் சொல்லாமல் மறைத்து, விதிவிலக்கு வாங்காமல் நடந்திருந்தால், அந்தத் திருமணம் செல்லாது. உடன்பிறந்தவர்களுக்கு இடையிலும், பெற்றோர்-பிள்ளை போன்ற நேர்வழி உறவிலும் மட்டும் எந்த அதிகாரியும் விதிவிலக்குத் தர முடியாது. இந்துவையோ முஸ்லிமையோ மணக்கும் கத்தோலிக்கருக்கும் விதிவிலக்கு வேண்டும்.

பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்ட கத்தோலிக்கரின் நிலையும் பலருக்குத் தெரிவதில்லை. குருவும் இரண்டு சாட்சிகளும் இல்லாததால், அரசின் பார்வையில் செல்லும் அந்தத் திருமணம் திருச்சபையின் பார்வையில் செல்லாது. அதை அறிவிக்க நீண்ட விசாரணையும் தேவையில்லை, ஆவணங்களே போதும். ஆனால் இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற கத்தோலிக்கரல்லாத சபை) கிறிஸ்தவர்கள் அவர்களுடைய ஆலயத்தில் செய்துகொண்ட திருமணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லும் என்றே கொள்கிறது. இரண்டு இந்துக்கள் அவர்கள் முறைப்படி செய்துகொண்ட திருமணத்தையும் அப்படியே. எனவே நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கிய ஒரு சி.எஸ்.ஐ. பெண்ணைக் கத்தோலிக்கப் பையன் கோயிலில் மணக்க விரும்பினால், அந்தப் பெண்ணின் முதல் திருமணத்தைத் திருச்சபை நீதிமன்றம் ஆராய்ந்தே ஆக வேண்டும். 'அவள் கத்தோலிக்கரே இல்லையே, எதற்கு?' என்று இந்த இடத்தில் சண்டை போடாத குடும்பம் இல்லை.

விசாரணை எப்படி நடக்கும்

சினிமா நீதிமன்றத்தை மறந்துவிடுங்கள். கூண்டு இல்லை, கணவனையும் மனைவியையும் எதிரெதிரே நிறுத்திக் குறுக்கு விசாரணையும் இல்லை. ஒருவர் சாட்சி சொல்லும்போது மற்றவர் அங்கே இருக்க மாட்டார். ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, சத்தியப் பிரமாணம் வாங்கி, கேள்வி கேட்டு, எழுதிக்கொள்வார்கள். முடிவுக்கு முன் இரு தரப்பும் பதிவானவற்றைப் படித்துப் பதில் சொல்லலாம்.

வழக்கமாக மூன்று நீதிபதிகள். தலைமை வகிப்பவர் குருவாக இருக்க வேண்டும், மற்ற இருவர் பொதுநிலையினராக (குருப்பட்டம் பெறாதவர்களாக) இருக்கலாம், பெண்களாகவும் இருக்கலாம். இவர்கள் போக ஒரு சுவாரசியமான ஆள் உண்டு. திருமணப் பிணைப்பின் பாதுகாவலர் என்று பெயர். அந்தத் திருமணம் செல்லும் என்பதற்கு நியாயமாகச் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவைப்பதுதான் அவர் வேலை. கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்து எங்களுக்கு இது வேண்டாம் என்றாலும், அந்தத் திருமணத்துக்காகப் பேச ஒருவர் இருப்பார். சந்தேகம் வந்தால் திருமணம் செல்லும் என்றே கொள்ள வேண்டும் என்பது அடிப்படை விதி.

சாட்சிகள் யார் என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நடந்த சண்டைகளைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரைவிட, கல்யாணத்துக்கு முந்தைய மாதங்களில் உங்களோடு இருந்த தோழியின் சாட்சிக்கு மதிப்பு அதிகம். மறுதரப்பு ஒத்துழைக்க மறுத்தால்? கட்டாயம் தகவல் தெரிவிக்க வேண்டும், அழைக்க வேண்டும். வராவிட்டால் அதைப் பதிவு செய்துவிட்டு வழக்கு மேலே போகும். வராமல் இருப்பதாலேயே யாரும் வழக்கைக் கொன்றுவிட முடியாது.

2015இல் போப் பிரான்சிஸ் இந்த நடைமுறையைப் பெரிதாக மாற்றினார். அதற்கு முன், ஒரு நீதிமன்றம் செல்லாது என்று சொன்னால், இரண்டாவது நீதிமன்றமும் அதையே உறுதிசெய்ய வேண்டும். 1741இல் பதினான்காம் பெனடிக்ட் கொண்டுவந்த விதி அது. இப்போது யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டால் ஒரு தீர்ப்பே போதும். உண்மை வெட்ட வெளிச்சமாக இருந்து, இருவரும் ஒத்துக்கொண்டால், ஆயரே நேரடியாகத் தீர்ப்பளிக்கும் குறுகிய வழியும் வந்தது. கூடியவரை கட்டணம் வாங்காமல் நடத்த வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். எங்கே மனு கொடுக்கலாம் என்பதும் எளிதாகிவிட்டது. கல்யாணம் நடந்த மறைமாவட்டத்திலும் கொடுக்கலாம், இருவரில் யாராவது ஒருவர் வாழும் இடத்திலும் கொடுக்கலாம். சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருப்பவர் ஊருக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. முதல் நிலை விசாரணையை ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் விருப்பம். நடைமுறையில் ஆட்கள் பற்றாக்குறையால் அது நீள்வதும் உண்டு.

அடிக்கடி வரும் பயங்கள்

பெற்றோருக்கு வரும் முதல் பயம் பிள்ளைகளைப் பற்றியது. திருமணமே செல்லாது என்றால் என் பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்களா? இல்லவே இல்லை. ஒருவராவது நல்லெண்ணத்தோடு செய்துகொண்ட திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே என்று 1137ஆம் பிரிவு சொல்கிறது. செல்லாநிலை அறிவிக்கப்பட்டாலும் அவர்களை வளர்க்கும் பொறுப்பு இருவருக்கும் அப்படியே இருக்கும்.

அடுத்தது அரசாங்கச் சட்டம். இதில் ஏமாந்தவர்கள் உண்டு. இந்தியாவில் கோயிலில் நடக்கும் திருமணம் 1872ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அரசின் கணக்கிலும் திருமணம்தான். அதைத் திருச்சபைத் தீர்ப்பு கலைக்காது. 1996இலும், மறுபடி 2017 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. திருச்சபைத் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தால், இருதார மணக் குற்றமாகிவிடும். 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் கீழ் அரசு நீதிமன்றத்தில் தனியாகத் தீர்ப்பு வாங்க வேண்டும். அந்தச் சட்டம் நெடுங்காலம் பெண்களுக்கு அநியாயமாக இருந்தது. கணவனுக்கு மனைவியின் தகாத உறவை நிரூபித்தால் போதும், மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001இல் வந்த திருத்தம்தான் இதைச் சரிசெய்து, பரஸ்பர சம்மத விவாகரத்தையும் கொண்டுவந்தது.

மூன்றாவது பயம் நற்கருணை, அதாவது பூசையில் வாங்கும் 'நன்மை'. விவாகரத்து வாங்கிவிட்டால் நன்மை வாங்கக் கூடாது என்று நம்பி வருடக்கணக்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அப்படி ஒரு விதியே இல்லை. அரசு நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்று, மறுமணம் செய்யாமல் வாழ்பவர் மற்றவர்களைப் போலவே நற்கருணை வாங்கலாம். சிக்கல், செல்லாநிலை பெறாமல் வேறொருவரோடு மறுமணம் செய்தவர்களுக்குத்தான். 1981இல் இரண்டாம் ஜான் பால் அவர்களுக்கு நற்கருணை இல்லை, ஆனால் அவர்கள் திருச்சபைக்கு வெளியே இல்லை என்றார். 2016இல் பிரான்சிஸ், ஒவ்வொருவர் நிலையையும் குருவோடு சேர்ந்து தேர்ந்து தெளிய வேண்டும், சில சூழல்களில் அருட்சாதனங்களின் உதவியும் கிடைக்கலாம் என்று கதவைச் சற்றுத் திறந்தார். கர்தினால்களிடையிலேயே இதில் கருத்து வேறுபாடு வந்தது. அது இன்னும் ஓயவில்லை.

இன்னொன்று இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அதுதான். திருமணம் செல்லத்தக்கதாகவே இருக்கிறது, கணவன் அடிக்கிறான். என்ன செய்வது? பொறுத்துப்போ, சிலுவையைச் சும, பிள்ளைகளுக்காக இரு என்று நம் ஊர்களில் அறிவுரை சொல்வார்கள், சில நேரம் பங்குத்தந்தையின் பங்களாவிலிருந்தே சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலோ ஆன்மாவாலோ கடும் ஆபத்து இருந்தால் பிரிந்து வாழ உரிமை உண்டு என்கிறது 1153ஆம் பிரிவு. தாமதித்தால் ஆபத்து என்றால் யாரிடமும் அனுமதி கேட்காமலே வெளியேறலாம். உரிமைகளையும் பிள்ளைகளையும் சொத்தையும் காப்பாற்ற அரசு விவாகரத்துதான் ஒரே வழி என்றால், அதை வாங்குவது பாவமில்லை என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலே சொல்கிறது. செல்லாநிலை கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியும் வரை அடி வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது? பங்குத்தந்தையிடம் போகலாம். அவரிடம் பேசச் சங்கடமாக இருந்தால் நேராக ஆயர் இல்லத்துக்குப் போய் திருமண நீதிமன்ற அலுவலகம் எது என்று கேட்கலாம். பங்குத்தந்தையின் கடிதம் இல்லாவிட்டால் மனுவை வாங்க மாட்டோம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. திருமுழுக்குச் (ஞானஸ்நானச்) சான்றிதழ், கோயில் திருமணச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பல மறைமாவட்டங்களில் அரசு நீதிமன்றத்தின் விவாகரத்துத் தீர்ப்பையும் கேட்பார்கள். மருத்துவச் சீட்டுகள், பழைய கடிதங்கள், கல்யாணத்துக்கு முந்தைய செல்போன் செய்திகள் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். மனுவில் கல்யாணத்துக்குப் பிறகு நடந்த கொடுமைகளை எழுதத்தான் கை ஓடும். அதைச் சுருக்கி, பெண் பார்த்த நாளிலிருந்து பந்தியில் உட்கார்ந்த வரைக்கும் நடந்ததை விரிவாக எழுதுங்கள். நீதிபதிகள் தேடுவது அங்கேதான் இருக்கும்.